எட்டுக் கட்டில், ஓர் அடுப்பு: மூத்த பெண்களுக்கான இல்லத்தை வீட்டோடு நடத்த முழுமையான வழிகாட்டி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை வேலைக்கு வைத்தோம். அடுத்த தெருவில் தனியாக இருந்த மாமியாரின் தோழி பகலில் துணைக்கு வந்து உட்கார்ந்தார். பிறகு இரவிலும் தங்கினார். வெளிநாட்டில் இருந்த அவருடைய மகன் மாதாமாதம் பணம் அனுப்பத் தொடங்கினார். மூன்றாவதாக ஒருவர் வாசலில் நின்று, "எங்கள் அத்தைக்கும் ஒரு கட்டில் போட இடமிருக்குமா?" என்று கேட்ட அன்றுதான், நாங்கள் நடத்துவது வீடு மட்டும் இல்லை என்பது எங்களுக்கே உறைத்தது.

இப்படித் தற்செயலாகத் தொடங்கும் இல்லங்கள் நிறைய. திட்டமிட்டுத் தொடங்க நினைப்பவர்களும் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி, "எவ்வளவு முதலீடு வேண்டும்?" என்பதாகத்தான் இருக்கிறது. என்னுடைய முதல் கேள்வி வேறு.

படி 1: இரவு இரண்டு மணிக்கு யார் எழுவார்கள்?

குடும்பத்தில் எல்லோரையும் உட்கார வைத்து இதைக் கேளுங்கள். கணவர், பிள்ளைகள், கூட இருக்கும் நாத்தனார் என யாரையும் விடாதீர்கள். குடும்பமாக நடத்தும் இல்லத்துக்குப் பெரிய இல்லத்தைவிட ஒரே ஒரு பலம்தான் கூடுதல்: பொறுப்பானவர் அதே கூரையின் கீழ் தூங்குகிறார். பலவீனமும் அதுவேதான். அவர் தூங்காமல் போனால் முதலில் அவர் குரல் கடுமையாகும். பிறகு கை அவசரப்படும். அதன் பிறகு நடப்பதை இல்லம் என்று சொல்ல முடியாது.

முதல் வருடம் நாங்கள் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டோம். இரக்கம் பாதி, ஆசை பாதி. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு பன்னிரண்டு முறை. அப்படி நான்கு பேர் இருந்தார்கள். நாற்பத்தெட்டு முறை. கணக்கை எழுதிப் பார்த்த இரவில்தான், நாங்கள் அதில் பாதியைக்கூடச் செய்யவில்லை என்று தெரிந்தது. ஒருவருக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் புண் வந்த பிறகுதான் அந்தக் கணக்கைப் போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கணவருக்கு ரத்த அழுத்தம் வந்ததும் அந்த வருடம்தான்.

இப்போது எங்கள் வரையறை எட்டுப் பேர். அதில் படுக்கையில் இருப்பவர்கள் இருவருக்கு மேல் கூடாது. நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவரை வெளியே அனுப்ப மாட்டோம். ஆனால் அடுத்த காலி இடத்தில் நடமாடுபவரை மட்டுமே சேர்ப்போம். உங்கள் எண் ஐந்தாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம். அதைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். உருக்கமான குரலில் தொலைபேசி வரும் நாளில் அந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

படி 2: காகிதங்கள்

"நாலு பாட்டிகளைப் பார்த்துக்கொள்வதற்கு எதற்குப் பதிவு?" என்று கேட்காதீர்கள். கட்டணம் வாங்கினாலும் இலவசமாக நடத்தினாலும் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட சமூக நல அலுவலகம். முதியோர் இல்லத்துக்கான பதிவு அங்கேதான் தொடங்குகிறது. பெண்களுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடமிருந்து பெற வேண்டிய உரிமம் பற்றியும் அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றைத் தனித்தனி அலுவலகங்களில் வாங்க வேண்டியிருக்கும். நடைதான். ஒரு கோப்பில் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

தீயணைப்புச் சான்றுக்காக அலையும்போது எரிச்சல் வந்தால் ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டத்தின் அந்த ஊரில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டவை மூன்று. யாரையும் எதற்காகவும் கட்டிலோடு கட்டுவதில்லை, "இரவில் எழுந்து நடக்கிறார்" என்பதற்காகவும் கட்டுவதில்லை. உள்ளே ஆள் இருக்கும் அறையை வெளியிலிருந்து பூட்டுவதில்லை. கொல்லைப்புறக் கதவின் சாவி எப்போதும் அதே ஆணியில் தொங்கும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். இரண்டு இடங்கள் நம் தொழிலுக்கு நேரடியாக வேண்டியவை. பிள்ளைகள் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டால், அந்த அம்மா வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்டு மனுக் கொடுக்கலாம். அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளிக்கும் ஒருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். அடுத்தது 23-ஆம் பிரிவு: பார்த்துக்கொள்வதாக நிபந்தனை சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டு, பார்த்துக்கொள்ளாமல் விட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க முடியும். பல அம்மாக்களுக்கு இது தெரியாது. நாங்கள் சொல்கிறோம்.

சொத்துப் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். தங்கியிருக்கும் அம்மா அன்பினால் எதை எழுதித் தர வந்தாலும் வாங்காதீர்கள், ஒரு கிராம் மூக்குத்தியாக இருந்தாலும் வேண்டாம். அவரது ஏடிஎம் அட்டை, ரகசிய எண், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஆகியவை உங்கள் வீட்டு அலமாரிக்குள் வரவே கூடாது. சேரும் நாளில் காதில், கழுத்தில், கையில் இருப்பவற்றை எழுதி, மகனோ மகளோ கையெழுத்திட, ஒரு புகைப்படமும் எடுத்துவிடுங்கள். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

படி 3: வீட்டைக் கிழவியின் காலால் நடந்து பாருங்கள்

எங்கள் வீடு பழைய மாதிரி: திண்ணை, ரேழி, தாழ்வாரம், முற்றம், பின்கட்டு, கொல்லை. பார்க்க அழகு. எண்பது வயதுக் காலுக்கு அது தடை ஓட்டம். ரேழியில் உயர்ந்த நிலைப்படி, தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு ஒரு முழம் பள்ளம், கழிப்பறையோ கொல்லையின் கோடியில். முற்றத்தை மூட எனக்கு மனமே வரவில்லை. அங்கேதான் வெயில் விழும், மழையும் விழும். கடைசியில் சுற்றிலும் இடுப்பளவு கைப்பிடி வைத்தோம். அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றுவதுதான் இப்போது எல்லோருக்கும் காலை நடை.

ஒரு நாள் மாலை, மூக்குக் கண்ணாடியில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு, பெரிய செருப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நடந்து பாருங்கள். எந்தக் கட்டட வரைபடமும் அவ்வளவு சொல்லாது. நான் அப்படி நடந்தபோது கண்டவை:

நிலைப்படிகளை எடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் சரிவு போட வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சக்கர நாற்காலிச் சரிவின் கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. குறைத்துப் போட்டால் அது சறுக்குமரம்.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவிலேயே சாய்ந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படியானதாக இருக்கட்டும்.

கைப்பிடிக் கம்பியைக் கொத்தனார் தன் உயரத்துக்கு வைத்துவிடுவார். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது, இரண்டாம் முறை உடைத்தோம். உங்கள் வீட்டுப் பெண்களில் நடு உயரமுள்ள ஒருவரைக் கமோடில் உட்காரவைத்து, எழுந்து நிற்கச் சொல்லி, கை எங்கே தேடுகிறதோ அங்கே சுண்ணாம்பால் கோடு போடுங்கள். துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. அதைப் பிடித்துத்தான் விழுவார்கள்.

வெள்ளைத் தரையில் வெள்ளைக் கமோடு மங்கிய கண்ணுக்குத் தெரியாது. இருக்கையை மட்டும் நீலத்தில் மாற்றினோம். மறுவாரமே, "குறி தவறி" நனைவது குறைந்தது. கட்டில் முதல் கழிப்பறை வரை தரையோடு ஒட்டிய மெல்லிய விளக்கு இரவு முழுதும் எரியட்டும். இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது அதைத்தான், தொலைக்காட்சியை அல்ல.

கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படும் அளவு. கால்மிதி வேண்டவே வேண்டாம். மறதி நோய் உள்ளவர் இருந்தால் அவர் எதிரில் நிலைக்கண்ணாடி வைக்காதீர்கள். இரவில் அதில் தெரிபவர் அந்நியராகிவிடுவார். எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணாடிக்கு எதிரே தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, "வந்தவளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லையே" என்று எங்களைக் கடிந்துகொண்டார். சிரித்தோம். பிறகு கண்ணாடியைத் துணியால் மூடினோம்.

படி 4: சேர்ப்பதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள்

மகன் கொண்டுவரும் மருத்துவக் கோப்பில் ரத்தச் சர்க்கரை இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அவர் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடியுங்கள். எந்தப் பக்கம் படுக்கிறார், எந்தப் பக்கம் இறங்குகிறார்? சுவரில் யார் படம்? எந்த டம்ளர் அவருடையது? எத்தனை மணிக்கு விழிப்பார்? குளியல் காலையிலா மாலையிலா? எப்படிக் கூப்பிட்டால் திரும்புகிறார்? முப்பது வருடம் பள்ளியில் இருந்த ஒருவர் "பாட்டி" என்றால் காது கேளாதவர் போல் இருப்பார். "டீச்சர்" என்றால் எழுந்து உட்காருவார். வேறொருவரை "மாமி" என்றால்தான் பிடிக்கும். இதையெல்லாம் எழுதிவைக்கத் தனி நோட்டு வேண்டும்.

முக்கியமான கேள்வியை அவரிடமே, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்: "உங்களுக்கு வர விருப்பமா?" முழு மனதோடு வருபவர்கள் குறைவுதான். ஆனால் "ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன்" என்பது வேறு, "கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள்" என்பது வேறு. பின்னதைச் சேர்க்காதீர்கள். பொய் சொல்லி அழைத்துவரப்பட்டவர் நம் வீட்டுச் சோற்றை ஆறு மாதமானாலும் நம்ப மாட்டார்.

ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும், பெரிய எழுத்தில் இருக்கட்டும். கட்டணத்தில் என்னென்ன அடக்கம், டயப்பரும் மருந்தும் யார் செலவு, மருத்துவமனையில் சேர்த்தால் உடன் தங்குவது யார், எந்த மருத்துவமனை, முன்பணத்தை எப்போது திருப்பித் தருவோம், இரண்டு மாதம் பணம் வராவிட்டால் என்ன செய்வோம், இறந்தால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், எரிப்பதா புதைப்பதா. கடைசி இரண்டையும் கேட்கத் தயங்கித்தான் எல்லோரும் பிறகு அவதிப்படுகிறோம்.

கட்டணத்தைக் கணக்கிடும்போது, எட்டுக் கட்டில் இருக்கிறதே என்று மொத்தச் செலவை எட்டால் வகுக்காதீர்கள்; ஆறால் வகுங்கள். வாடகை, சம்பளம், அரிசி, கேஸ், மின்சாரம், சலவை, பழுதுபார்ப்பு எல்லாம் கூட்டி, உங்கள் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கும் ஒரு சம்பளம் எழுதி, ஆறால் வகுத்து வருவதுதான் உண்மையான கட்டணம். இரண்டு கட்டில்கள் எப்போதும் காலியாகவோ பணம் தர முடியாதவருக்காகவோ இருக்கும். வீட்டுப் பெண்ணின் சம்பளத்தை எழுதாமல் விடுவதுதான் இந்தத் தொழிலின் பொதுவான பொய்க்கணக்கு.

இலவசமாகவே நடத்த வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் சென்னைப் பாலவாக்கத்தின் விஸ்ராந்தியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதரவற்ற மூத்த பெண்களுக்காக 1978-இல் சாவித்திரி வைத்தி தொடங்கிய இல்லம் அது. அவருக்குப் பின்னால் பெண்களின் குழு ஒன்று இருந்தது. தனிக் குடும்பம் தன் சம்பாத்தியத்தில் அதைச் செய்ய முடியாது. நன்கொடை திரட்டுவது முழுநேர வேலை.

படி 5: கூட நிற்கும் ஆட்கள்

எட்டுப் பேருக்குப் பகலில் இரண்டு உதவியாளர்கள், ஒரு சமையல்காரர், இரவுக்கு ஒருவர். இரவு ஆளுக்கு நாற்காலி கொடுங்கள், பாய் கொடுக்காதீர்கள். பகல் முழுதும் வேலை செய்தவரையே இரவிலும் "சும்மா படுத்துக்கொள், கூப்பிட்டால் எழுந்திரு" என்று வைப்பது எங்கும் நடக்கிறது. கூப்பிட்டால் எழ மாட்டார். அவர் மீதும் பிழையில்லை.

அனுபவத்தைவிட ஒரு சோதனையை நம்புகிறேன். வேலை கேட்டு வருபவரிடம் ஓர் அம்மாவுக்கு இரண்டு இட்லி ஊட்டச் சொல்வேன். உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டா? விழுங்கும்வரை காத்திருக்கிறாரா? அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. காவல் நிலையச் சரிபார்ப்பும் ஆதார் நகலும் அதன் பிறகு.

தூக்குவதற்குக் கற்றுக்கொடுங்கள். அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும், தூக்குபவர் முதுகும் போகும். கட்டிலில் மேலே நகர்த்த இரண்டு பேர் இரு பக்கமும் நின்று விரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் உரியும். வார விடுமுறையை விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை நான் இல்லத்துக்குள் நுழைய மாட்டேன். வீட்டின் முன்பகுதியிலேயே இருந்தாலும் நுழைய மாட்டேன்.

படி 6: ஒரு நாள்

ஐந்தரைக்குக் காபி. இதில் ஐந்து நிமிடம் தாமதமானால் அன்றைய நாள் போனது. சிலருக்குச் சர்க்கரை இல்லாமல், ஒருவருக்குக் கஞ்சி, ஒருவருக்கு வெந்நீர். பித்தளை டபராவில் ஆற்றினால்தான் காபி என்பவரும் உண்டு. டம்ளர்களின் அடியில் பெயர் பொறித்து வைத்தோம். அதைவிடப் பெரிய மரியாதையை நாங்கள் செய்ததில்லை என்று ஒரு அம்மா சொன்னார்.

காலையில் எழும்போது நேராக நிற்கவிடக் கூடாது. ஓரிரு நிமிடம் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

சாப்பாடு குழைவாக இருக்கலாம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்துக் கூழாக்காதீர்கள். ரசம் சாதம் ரசம் சாதமாகத் தெரிய வேண்டும். பருப்பு, தயிர், முட்டை சாப்பிடுபவருக்கு முட்டை என்று புரதம் கொஞ்சமாவது தினமும் போக வேண்டும். மூன்று வேளையும் இட்லியும் கஞ்சியுமாக வைத்தால் தசை கரைந்து கால் தள்ளாடும். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. புரையேறியது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

ஒரே அடுப்பில் எட்டு வீட்டுச் சமையல் என்பதுதான் இதில் பெரிய ராஜதந்திரம். வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், மீன் இல்லாமல் ஞாயிறு விடியாதவர், வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இருப்பவர், தவக்காலம் அனுசரிப்பவர். எல்லாரையும் ஒரு பட்டியலுக்குள் அடைக்கப் பார்த்துத் தோற்றேன். இப்போது அடிச் சமையல் பொது, மேல் தாளிப்பு தனி. மீன் மட்டும் பின்கட்டில் தனி அடுப்பு. விரதத்தைத் தடுக்காதீர்கள், ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவரும் மாத்திரை சாப்பிடுபவரும் ஏகாதசி இருந்தால் மருந்தை என்ன செய்வது என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வைகுண்ட ஏகாதசியில் இந்த ஊரே விழித்திருக்கும்போது இவர்கள் மட்டும் "பழம் போதும்" என்று சொல்லிவிட்டு வழக்கமான மருந்தைப் போட்டுக்கொள்வார்கள். அன்று நாங்கள் குளுக்கோமீட்டரைக் கையிலேயே வைத்திருப்போம். வியர்வை, நடுக்கம், பொருத்தமில்லாத பேச்சு இருந்து அளவு 70-க்குக் கீழே போனால், நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

பத்து மணிக்கு வேலை. ஆமாம், வேலை. கீரை ஆய்வது, பூத்தொடுப்பது, துணி மடிப்பது, பட்டாணி உரிப்பது. "வயதானவர்களை வேலை வாங்குகிறார்கள்" என்று ஒரு மகள் கோபித்துக்கொண்டார். அவர் அம்மாவோ அன்று கீரைக் கட்டு வரவில்லை என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

படி 7: உடம்பு சொல்வதைப் படிப்பது

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. யாருக்கு எப்போது மருத்துவரை அழைப்பது என்று தெரிந்தவர்கள், அவ்வளவே. அதற்கு ஆளுக்கொரு நோட்டு: மாத்திரை கொடுத்த நேரமும் கொடுத்தவர் கையெழுத்தும், தண்ணீர், சிறுநீர், மலம், தூக்கம். மாத்திரையை முன்கூட்டியே எட்டுக் கிண்ணங்களில் போட்டு வரிசையாக வைக்காதீர்கள். கிண்ணங்கள் இடம் மாறும். ஓர் ஆளிடம் போய், பெயர் சொல்லி, அட்டையிலிருந்து எடுத்து, விழுங்கும்வரை நின்று, கையெழுத்திட்டு, பிறகு அடுத்தவர்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால் அதை வயதின் மேல் போடாதீர்கள். மூத்த பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது காய்ச்சலோ எரிச்சலோ தெரியாமல் குழப்பம் மட்டுமே தெரியக்கூடும். மறதி நோய் மாதக்கணக்கில் வரும். ஒரே இரவில் வந்தது வேறு ஏதோ. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; மணியைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்றுதான் மருத்துவமனையில் முதலில் கேட்பார்கள். நோட்டில் அது இருக்கும்.

பல நாள் மலம் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இறுகி அடைத்திருப்பதன் ஓரமாகக் கசிவதாக இருக்கலாம்.

படுக்கைப் புண்ணுக்கு வருகிறேன், எங்களைச் சுட்ட பாடம் அது. முதல் அறிகுறி புண் அல்ல, சிவப்பு. வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகிய இடங்களை ஒவ்வொரு முறை புரட்டும்போதும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவில்லையென்றால் அங்கே சேதம் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் இனிப் படுக்கவைக்கக் கூடாது. அதைத் தேய்த்துவிடாதீர்கள், ஸ்பிரிட் தடவாதீர்கள், நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வைக்காதீர்கள். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். காற்றுப் படுக்கை நல்லதுதான். அதை வாங்கிய பிறகு புரட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் அதன் ஒரே கெடுதல்.

படி 8: அரசிடமிருந்து கிடைப்பவை

70 வயது நிறைந்த எவருக்கும், வருமான வரம்பு இல்லாமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கான ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. சேரும் வாரத்திலேயே அட்டையை எடுத்துவிடுங்கள், அவசரத்தில் எடுக்க முடியாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைப் பயிற்சியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர்களைப் பதிந்துவிடுங்கள்.

மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு நவம்பரில் வாழ்நாள் சான்று; 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கைரேகை இயந்திரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? முகத்தைக் காட்டிப் பதியும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. 70 வயது கடந்தவர்களுக்கு வங்கிகள் வீடு தேடி வந்து சேவை தர வேண்டும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணைத் தாழ்வாரத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், எங்கள் மேலேயே புகார் செய்வதற்கும் சேர்த்து. அந்த எண் சுவரில் இருப்பது எங்கள் ஆட்களின் குரலையும் என் குரலையும் ஒரு சுருதி தாழ்த்தி வைக்கிறது.

படி 9: பிள்ளைகள்

வருகை நேரம் என்று எதையும் வைக்காதீர்கள். சொல்லாமல் வருவதற்கு இடம் கொடுங்கள். மூடி வைக்க ஒன்றும் இல்லை என்பதை வேறு எப்படி நிரூபிப்பது? வராத பிள்ளைகளைப் பற்றி அவர்களின் அம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்பது வேலையாட்களுக்கு நாங்கள் போட்டிருக்கும் கண்டிப்பான விதி. ஐந்து மாதம் எட்டிப் பார்க்காத மகனைப் பற்றி அந்த அம்மாவே திட்டுவார். நாம் ஆமோதித்தால் நம்மைத் திட்டுவார்.

காணொளி அழைப்புக்கு நாளும் நேரமும் நிர்ணயித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை நான்கு மணி. மூன்றரைக்கே தலை வாரி, பொட்டு வைத்து, புடவை மாற்றிக்கொண்டு உட்காருவார்கள். அழைப்பு வராவிட்டால் அன்று மாலை அவர் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அட்டவணையில் அதையும் வேலையாகவே எழுதியிருக்கிறோம்.

படி 10: ஒருவர் போகும்போது

மூச்சு நின்றுவிட்டது என்று தோன்றினால் முதலில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை வரவழையுங்கள். இறப்பை உறுதி செய்து, காரணத்தை எழுதி 4ஏ படிவத்தை அவர் தர வேண்டும். அதனால்தான் படுத்திருப்பவர்களை அவர் அடிக்கடி வந்து பார்த்திருப்பது அவசியம். பார்க்காதவர் எழுதத் தயங்குவார். விழுந்தோ தீக்காயத்தாலோ, வேறெந்த விதமான சந்தேகத்துடனோ இறந்தால் உடலை நகர்த்தாமல் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

21 நாட்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். நம் இடத்தில் நடந்த இறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு நம்முடையது. 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அந்தப் பொறுப்பாளர்களின் பட்டியலில் சவுல்ட்ரி, சத்திரம், தர்மசாலை, விடுதி ஆகியவற்றோடு கள்ளுக்கடையையும் சேர்த்திருக்கிறது. முதல்முறை படித்தபோது எங்கள் வீடு அந்த வரிசையில் எங்கே உட்காருகிறது என்று வெகுநேரம் யோசித்தேன். சத்திரம் என்று வைத்துக்கொண்டேன்.

மற்றவர்களிடம் மறைக்காதீர்கள். "மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்" என்று ஒரு முறை சொன்னோம். மூன்றாம் நாள் ஒருவர், "எனக்கும் அப்படித்தான் சொல்வீர்களா?" என்று கேட்டார். அதிலிருந்து உடலைத் தாழ்வாரத்தில் கிடத்தி, எல்லோரும் வந்து பார்த்த பிறகே வண்டி ஏற்றுகிறோம். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் கொண்டுவருகிறோம். யார் எந்தப் பாட்டைப் பாடுவது, எந்த ஜபத்தைச் சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். உறவினர் வரும்வரை உடல் தனியாக இருப்பதில்லை.

பொருள்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிடுங்கள். மெத்தையையும் தலையணையையும் மாடியில் வெயிலில் போடுவோம். பெயர் பொறித்த டம்ளரைப் பிள்ளைகள் கேட்டால் கொடுத்துவிடுவோம். கேட்காவிட்டால் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். கட்டில் பதின்மூன்று நாள் காலியாகக் கிடக்கும். அதற்குள் யாராவது தொலைபேசியில் கேட்டால் இடம் இல்லை என்று சொல்லிவிடுவோம்.